ஸ்டெப்னியிலும் இறக்கிய காற்று

1

இந்த ஊரில் தை மாதத்தில்தான் கத்திரி வெயில். வந்த புதிதில் பொங்கலன்று வியர்க்க விறுவிறுக்கப் பால் பொங்க வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். "தையில எவனுக்காச்சும் வேர்க்குமா? கத வுடாத" என்றார். இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வேலை அலுப்பைத்தான் நான் வெயில் என்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் தென்கரையில், அடிலெய்டு நகரத்தின் ஓரம். பிறந்து வளர்ந்தது மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில். கோட்டக்குப்பம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார்கள். எங்கள் தெருவில் கடல் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை என் பொறுப்பு. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பைக் குறை, இன்னும் குறை என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். உப்பில் பிழைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு உப்பில்லாமல் சமைப்பதற்குத்தான் சம்பளம். ஊரில் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

இந்த முறை எழுத உட்கார்ந்தது டயரைப் பற்றி. வெளிநாட்டில் இருக்கிறவள் பனி, கங்காரு என்று எதையாவது எழுதாமல் டயரை எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். போன பொங்கல் வாரத்தில் மூன்று டயர்கள் சேர்ந்து என்னை ஒரு பகல் முழுக்கப் பாடாய்ப் படுத்திவிட்டன. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால்தான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

2

எங்களிடம் ஒரு கேம்பர் டிரெய்லர் இருக்கிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பெட்டி. போன இடத்தில் திறந்து விரித்தால் கூடாரம், கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வெளியே வரும். இந்த நாட்டுக்காரர்களுக்கு விடுமுறை வந்தால் வீட்டில் இருப்பு கொள்ளாது. நல்ல வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டில் போய்க் கொசுக்கடியில் படுத்தால்தான் அவர்களுக்கு ஓய்வு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் போகிறார்கள் என்று நாங்களும் வயதான ஒரு தம்பதியிடமிருந்து பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். இரண்டு சக்கரம், ஒரு ஸ்டெப்னி.

அப்பா இங்கே ஒரே ஒரு முறை வந்திருக்கிறார். அப்போது விசா விண்ணப்பத்தில், இவர் ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன காரணம் என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் வேலை உத்தரவு, நிலப் பட்டா, வங்கிக் கணக்கு என்று இணைப்பார்கள். அப்பா ஏழுமலை, மரக்காணம் உப்பளத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவரிடம் சம்பளச் சீட்டு ஏது? "மழை விட்டதும் உப்பு சீசன் தொடங்கும், அவர் போயே ஆக வேண்டும்" என்று எழுதி, உப்புக் குவியலுக்கு முன்னால் அவர் டிராக்டரோடு நிற்கிற படத்தைச் சேர்த்து அனுப்பினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். விசா வந்தது. யார் அதைப் படித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

வந்த அன்றே அப்பா டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இன்னாம்மா இது? டிரெய்லர்ல வூட்டக் கட்டி இழுத்துனு போறீங்க. நாங்க உப்ப ஏத்தினோம், நீங்க கட்டில ஏத்துறீங்க. அவ்ளோதான?" என்றார். குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இந்த நாட்டில் இருந்தவரை அவருக்குப் புரிந்த ஒரே சாமான் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் மகன் இனியன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். தாத்தாவும் பேரனும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, பேசிக்கொண்டது "சாப்ட்டியா?" "யெஸ் தாத்தா" அவ்வளவுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தோம். கிரிக்கெட் வந்ததும் அதுவும் நின்றது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். கல்லூரிக்குப் போன பிறகு ஆங்கிலப் பதிலும் ஒற்றைச் சொல்லாகிவிட்டது. அப்பா வீடியோவில் வந்தால் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பின்னால் குறுக்கே நடப்பான். "எம் பேரனுக்கு நான் பேசறது ஒண்ணும் புரியாது, பாவம்" என்று அப்பா அவனுக்காக வருத்தப்படுவார். எனக்கு அவமானமாக இருக்கும்.

இந்த இனியன்தான் தை பிறந்ததும் வந்து நின்றான். நண்பர்கள் இரண்டு பேரோடு மேற்கே செடூனா வரை போக வேண்டுமாம், டிரெய்லர் வேண்டுமாம். மீன் பிடிக்கப் போகிறார்களாம். மரக்காணம் குப்பங்களில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் வலையோடு போவார்கள், இவன் காபி போடுகிற மிஷினோடு போகிறான். அது ஒரு முழுநாள் ஓட்டம். பாதி வழிக்குமேல் ஊரும் அபூர்வம், போன் சிக்னலும் அபூர்வம். இவன் தனியாக டிரெய்லர் இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனதே இல்லை.

எனக்குப் பயம் வந்தது. அதற்குக் காரணம் என் மாமா. அம்மாவின் தம்பி, சேகர் மாமா. மரக்காணத்திலிருந்து சென்னைக்கு உப்பு லாரி ஓட்டியவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கத்திரி வெயில் நாளில் கடப்பாக்கம் தாண்டி அவர் லாரியின் முன்டயர் வெடித்தது. லாரி சாய்ந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இப்போது வானூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அன்று ரோடெல்லாம் உப்பு கொட்டிக் கிடந்ததாகச் சொல்வார்கள். டயர் வெடித்தது என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் கால் கூசும்.

போகாதே என்று சொல்கிற வயதை அவன் தாண்டிவிட்டான். ஒன்று மட்டும் சொன்னேன். "மூணு டயரையும் மாத்திட்டு எடுத்துட்டுப் போ. எந்த டயர்னு நான்தான் சொல்லுவேன்."

3

இனியனுக்குக் கோபம். டயரின் மேல்பக்கத்துப் பட்டன் எல்லாம் தேயாமல் புதுசு மாதிரி இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்கிறான். உண்மைதான். விரலை விட்டுப் பார்த்தால் பள்ளம் ஆழமாக இருந்தது. ஊரில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். மொட்டையானால் மாற்றுவோம், இல்லாவிட்டால் ஓட்டுவோம்.

டயர்க் கடைக்காரர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டைக் காட்டினார். டார்ச் அடித்ததும் எனக்குத் தெரிந்தது, பித்தவெடிப்பு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் குதிகால் போல ரப்பர் முழுக்க மெல்லிய கோடுகள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வது குறைவு, வெயிலில் நின்றே கெட்டுப்போகும் என்றார். பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன. எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பது அது. பார்த்தால் இனியன் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது செய்த டயர். அவனே குனிந்து அடுத்த டயரின் எண்ணைத் தேடினான்.

அடுத்தது எந்த டயர் வாங்குவது என்பது. கடைக்காரர் அதே அளவில் கார் டயர் எடுத்துப் போட்டார். ரிம்மில் கச்சிதமாக உட்காரும், உடனே மாட்டிவிடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அளவு சரியாக இருந்தால் போதுமா, அது எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்டேன். ஒவ்வொரு டயரிலும் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் சுமைக் குறியீடு என்று காட்டினார். உங்கள் டிரெய்லர் எவ்வளவு எடை என்று திருப்பிக் கேட்டார். இழுவைக் கம்பியில் அடித்திருந்த தகட்டை இனியன் காட்டினான். அது எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கான எல்லை. இவர்கள் எவ்வளவு ஏற்றப் போகிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

உப்பளத்துப் பெண்ணிடம் எடையைச் சும்மா கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் லாரி காலியாக ஒரு முறை, உப்போடு ஒரு முறை எடைமேடை ஏறாமல் நகராது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பேன். டிரைவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், மேடை வேறு கணக்குச் சொல்லும், உடனே சண்டை ஆரம்பிக்கும். எனக்கு அது பொழுதுபோக்கு.

"எல்லாத்தையும் ஏத்து, எடை போட்டுட்டு வரலாம்" என்றேன். எல்லாம் என்றால் எல்லாம். தண்ணீர்த் தொட்டி நிறைய, கேஸ் சிலிண்டர், ஃபிரிட்ஜ், தூண்டில்கள், நண்பர்களின் மூட்டை, அந்தக் காபி மிஷின். ஜல்லி, மணல் விற்கிற ஒரு யார்டில் எடைமேடை இருந்தது. காரை வெளியே நிறுத்தி டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினோம். மீன் பிடிக்கப் போகிற டிரெய்லரை இங்கே யாரும் எடை போடுவதில்லை போலிருக்கிறது. இனியன் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று காருக்குள்ளேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

எடை தகட்டின் எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் ஒட்டிக்கொண்டு இருந்தது. திரும்பிப் போய்ச் சொன்னதும் கடைக்காரர் அந்தக் கார் டயர்களைத் தானாகவே உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு டயரும் அந்தச் சுமையைத் தாங்கி, இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும் என்றால் சின்ன லாரி, வேன்களுக்குப் போடுகிற கெட்டி ரகம்தான் சரி என்றார். மூன்றும் ஒரே ரகமாக, புதிய தேதி போட்டதாகப் பார்த்து எடுத்தேன். ஸ்டெப்னிக்கும் அதேதான் என்றபோது அவர் விழித்தார். அந்தச் சொல் இந்தியாவைத் தாண்டினால் செல்லாது என்பதை நான் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறேன். பின்னால் தொங்குகிற சக்கரத்தைக் கையால் தட்டிக் காட்டினேன்.

சுமைக்கு ஏற்ற காற்றை நிரப்பி, அளவை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரெய்லரில் ஒட்டினார். கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், கிளம்பும் முன் காற்றைப் பார்க்க வேண்டும் என்று இனியனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

4

அன்று மாலை அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுப் புது டயர்களைக் காட்டினேன். எடைமேடைக் கதையைச் சொன்னதும் பூரித்துப் போனார்.

"எம் பொண்ணாச்சே! கடக்காரன் வாய மூடினானா?"

"மூடினான்பா."

"நாளைக்கு அங்க வெயிலு எப்பிடி?"

சொன்னேன். மரக்காணத்துக் கத்திரியைவிட அதிகம். இந்த முறை நம்பினார். முகம் மாறிவிட்டது.

"அப்ப காத்த எறக்கி வுடும்மா. வெயில்ல ஓடினா உள்ள காத்து விரியும். டயருக்கு எடம் வேணும்ல? நான் எத்தினி வருசம் ஓட்டினேன், எந்த டயராச்சும் வெடிச்சிதா? கத்திரி பொறந்தா மொத வேல காத்த எறக்கறதுதான்."

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. சித்திரை வந்தால் அப்பா டிராக்டரைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவார். டயர் பெருத்துச் சப்பையாக உட்கார்ந்தால்தான் உப்பளத்துக் கரை மண்ணிலும் புதையாது என்பார். அந்த உஸ்ஸென்ற சத்தம்தான் எங்கள் வீட்டில் கோடை தொடங்கியதற்கு அடையாளம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இனியன் தூண்டில்களைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இரண்டு தடவை போனான். காதில் வழக்கம்போல் அந்தச் சனியன் மாட்டியிருந்தது.

காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலுக்குப் போனேன். என் வளையலில் எப்போதும் ஒரு ஊக்கு தொங்கும். ஊரில் எந்தப் பெண்ணின் வளையலைப் பார்த்தாலும் இருக்கும், எனக்கு நாடு மாறியும் அது மாறவில்லை. அதைக் கழற்றி வால்வில் அழுத்தினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. ஒரு சக்கரம், அடுத்த சக்கரம். முடித்துவிட்டு வந்தவள், ஸ்டெப்னியும் வெயிலில்தானே தொங்கப்போகிறது என்று தோன்றித் திரும்பிப் போய் அதிலும் இறக்கினேன். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

வண்டி கிளம்பியது. "பத்திரம்டா" என்றேன். "யெஸ் அம்மா" என்று போய்விட்டான்.

5

வேலைக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்கு எல்லாம் தயார் செய்துவிட்டு, சேகர் மாமாவுக்குப் போன் போட்டேன். ஊரில் காணும் பொங்கல். ஆண்டுதோறும் அன்று அவரிடம் ஆசி வாங்குவேன். அவர் அப்போதுதான் கடை திறந்திருந்தார். பையன் டிரெய்லரோடு போயிருக்கிறான், டயரெல்லாம் புதுசு, எடை போட்டு வாங்கினேன் என்று பெருமையடித்தேன். அப்பா சொன்ன மாதிரி காற்றும் இறக்கிவிட்டேன் என்றேன்.

மறுமுனையில் அவர் கடை ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது.

"மாமா?"

"அறிவு இருக்குதாடி உனுக்கு?" என்றார். அவர் என்னை ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. "உங்கப்பா ஓட்டினது அளத்துல. மாட்டு வண்டி வேகம். அங்க காத்து கம்மியா இருந்தா நல்லதுதான். ரோட்ல வேகமா போற வண்டிக்கு காத்து கம்மியா இருந்தா டயரு மடங்கி மடங்கி சூடாவும். சூடேறிதான் வெடிக்கும். லோடு வேற ஏத்தி அனுப்பிச்சிக்கீற. ஒடனே போன் போட்டு நிறுத்தச் சொல்லு."

"அப்பா இவ்ளோ வருசமா..."

"செல்வி, நான் சொல்றத கேளு." குரல் தணிந்துவிட்டது. "எங்கால் போன அன்னிக்கி காலீல, வெயிலா இருக்குது மச்சான்னு சொல்லி, எல்லா டயர்லயும் காத்த எறக்கி வுட்டது உங்கப்பாதான். அப்பால மெக்கானிக் பாத்துட்டு சொன்னான். லோடும் ஓவருதான், ரெண்டும் சேந்துகிச்சி. நான் யார்கிட்டயும் சொல்லல. மனுசன் நல்லதுக்குதான செஞ்சாரு? ஆஸ்பத்திரில என்ன தூக்கிவுட்டு, தொடச்சிவுட்டு எல்லாம் செஞ்சது அவுருதான். அவருகிட்ட போயி இத எப்பிடி சொல்றது? நீயும் சொல்லாத. மொதல்ல பையனக் கூப்புடு."

உடனே இனியனைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது பதிவுக் குரல். அவன் நண்பர்களைக் கூப்பிட்டேன், அதே குரல். செய்தி அனுப்பினேன், போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. வழியில் இருக்கிற கடைசிப் பெரிய ஊரான போர்ட் அகஸ்டாவைத் தாண்டியிருப்பார்கள். அதற்கு மேற்கே ரோடு நேராகப் போகும், இரண்டு பக்கமும் புதர், உப்பு ஏரிகள். கண்ணை மூடினால் கடப்பாக்கம்தான் வந்தது. அங்கே உப்பு கொட்டிக் கிடந்தது, இங்கே யார் கிடப்பார்கள் என்று மனம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

வீட்டுக்காரர் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவருக்குப் போன் செய்து அழுதேன். திண்டிவனத்துக்காரர், டயருக்கு எத்தனை பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனால் நல்ல மனிதர். "பதட்டப்படாத. வழியில இருக்கிற பெட்ரோல் பங்குக்கெல்லாம் நான் போன் பண்றேன்" என்றார். பண்ணவும் பண்ணினார். நீலக் கார், கூடாரப் பெட்டி என்றால் அந்த ரோட்டில் போகிற எல்லா வண்டியும் அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு பங்கில் சொன்னார்களாம்.

அதற்குள் சூப்பில் நான் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். ருசி பார்த்த உதவியாளர் முகத்தைச் சுளித்ததும்தான் தெரிந்தது. முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் உப்பில் தவறியதில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அப்பாமேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. அவர் மச்சானுக்குச் செய்ததைத்தான் நான் என் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். அதுவும் கடைக்காரர் எழுதி ஒட்டின ஸ்டிக்கர் கண்ணெதிரே இருக்கும்போது.

6

வெயில் சாயத் தொடங்கியபோது போன் அடித்தது. இனியன். செய்தி அனுப்புகிற பையன், கூப்பிடுகிற பழக்கமே இல்லாதவன், கூப்பிடுகிறான். எனக்கு எடுக்கவே பயமாக இருந்தது.

"அம்மா, வாட் ஹாப்பன்ட்? ஸோ மெனி மிஸ்ட் கால்ஸ்!"

"டயரு..." என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"டயர் ஓகே."

"இல்லடா, நான் காலையில காத்து..."

"ஐ நோ, அம்மா." பிறகு தமிழில் சொன்னான். "மொத பங்குலயே பாத்தேன். மூணுலயும் காத்து கம்மியா இருந்துச்சி. ஸ்டெப்னிலயும் எறக்கிக்கீற. லீக்குன்னா மூணும் ஒரே மாரி எறங்குமா? நீதான்னு தெரிஞ்சிது. ஏத்திட்டேன்."

"உனக்கு எப்பிடிடா..."

"தாத்தா நேத்து சொன்னாருல்ல. கேட்டுச்சி."

நான் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் என் கண்ணிலிருந்து மறைந்து கொஞ்ச தூரத்திலேயே ஆபத்து முடிந்துவிட்டது. நான்தான் இல்லாத ஆபத்தைச் சுமந்துகொண்டு பகல் முழுக்கச் செத்திருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உடனே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். "சொன்னா நீ ஃபீல் பண்ணுவல்ல" என்றான். செடூனாவை நெருங்கிவிட்டார்களாம், கடல் தெரிகிறதாம்.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. எறக்கிக்கீற, ஒரே மாரி. இது நான் அவனிடம் பேசுகிற தமிழ் இல்லை. இத்தனை வருடம் வெளியில் இருந்ததில் என் பேச்சு எல்லா ஊர்த் தமிழும் கலந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. இது அச்சு அசலாக அப்பாவின் பேச்சு. பின்னால் குறுக்கே நடந்தபோதெல்லாம் காதில் மாட்டியிருந்ததில் பாட்டு ஓடவில்லை போலிருக்கிறது. மாமாவுக்குப் போன் செய்து, பையன் பத்திரம் என்றேன். "அய்யோ சாமி" என்று மட்டும் சொன்னார். அவர் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் இனியன் கருத்துப்போய், ஐஸ் பெட்டி நிறைய மீனோடு வந்து சேர்ந்தான். முதல் வேலையாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன். டயர் மூன்றும் கல்லாக நின்றன. மீனைக் கழுவி, ஊர்ப் பக்குவத்தில் குழம்பு வைத்தேன். ஒரு நாளைக்காவது உப்புப் போட்டுச் சமைக்க வேண்டாமா? மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா வீடியோவில் வந்தார். எடுத்தவுடன் அதுதான் கேள்வி.

"டயரு எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுப்பா."

"வெடிக்கலல்ல? அந்த வெயில்ல அவ்ளோ தூரம் போயும் ஒண்ணும் ஆவலல்ல?" அவருக்குக் குஷி தாங்கவில்லை. "நான் சொன்னனா இல்லியா? காத்த எறக்கி வுட்டதாலதான் தப்பிச்சிது. எத்தினி வண்டிக்கு நான் இப்பிடிப் பாத்து வுட்டுக்கீறேன் தெரியுமா!"

மாமா சொல்லாதே என்றது ஒரு பக்கம், வாயில் வராத பொய் ஒரு பக்கம். இனியனிடம் மாமா சொன்ன எதையும் நான் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் எழுந்து வந்து என் தோளுக்குமேல் தலையை நீட்டினான்.

"ஆமா தாத்தா. நீ சொன்ன மாரியே எறக்கி வுட்டோம். ஒண்ணும் ஆவல."

அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஏம்மா செல்வி, இவனா பேசறான்? எம் பேரனா?"

"அவன்தான்பா."

"நம்ம பேச்சால்ல பேசறான்! டேய், தாத்தாகிட்ட பேசுடா, இன்னொரு வாட்டி பேசு. இன்னா மீனு புடிச்ச?"

இனியன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மீன் கதையை ஆரம்பித்தான். தெரியாத சொல்லுக்கெல்லாம் ஆங்கிலத்தைப் போட்டு நிரப்பினான். அப்பா எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அவர்கள் இருவருக்கும் பொதுவாகப் பிடித்தேன். பேசிக்கொண்டே, தாத்தாவுக்குத் தெரியாமல், என் வளையலிலிருந்து அந்த ஊக்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.